இம்ஹாஃப் கூம்பு: தெருவில் ஓடும் மழைத்தண்ணீரின் மண்ணை அளக்க வாங்கலாமா?

தெருவில் ஓடும் மழைத்தண்ணீர் எவ்வளவு மண்ணை அடித்துக்கொண்டு வருகிறது என்று யாரைக் கேட்டாலும் "நிறைய" என்றுதான் பதில் வரும். அந்த "நிறைய"-வை ஓர் எண்ணாக மாற்றித் தரும் கருவிகளில் மிக எளியது இம்ஹாஃப் கூம்பு. மின்சாரம் வேண்டாம், ரசாயனம் வேண்டாம், ஒரு மணி நேரப் பொறுமை போதும். ஜெர்மனியில் ரூர் வட்டாரத்தின் கழிவுநீர்ப் பணிகளை வடிவமைத்த பொறியாளர் கார்ல் இம்ஹாஃபின் (1876–1965) பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது. சாக்கடைத் தண்ணீரில் படியக்கூடிய கசடு எவ்வளவு என்று பார்க்கப் பிறந்த கருவி, மழைநீர் வடிகாலுக்கும் அப்படியே பொருந்துகிறது.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வடிகாலுக்குள் போகும் முன் மண்ணைப் பிடித்துவைக்கும் வண்டல் வடிகட்டித் தொட்டிக்கு என்ன அளவு வைப்பது, அதை எத்தனை மழைக்கு ஒருமுறை தூர்வாருவது, எந்தத் தெருவிலிருந்து மண் வருகிறது என்ற கேள்விகள் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். தண்ணீர் சுத்தமா, அசுத்தமா என்று தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் இதை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. கூம்பு காட்டுவது தண்ணீரில் படியும் பகுதியை. தண்ணீரைக் கெடுப்பதில் பெரும் பங்கு படியாத பகுதிக்கு.

ஒரு லிட்டர் கொள்ளும் கூம்பு வடிவப் பாத்திரம் இது. கூர்முனை கீழே வரும்படி தாங்கியில் நிற்கும். உயரம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், வாய் அகலம் 10 சென்டிமீட்டர் சுற்று. கூர்முனையில்தான் இதன் சூட்சுமமே இருக்கிறது. ஒரு லிட்டர் அளவு ஜாடியில் 1 மில்லிலிட்டர் மண் படிந்தால் அது அடியில் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு பூச்சாகத்தான் தெரியும், அளக்க முடியாது. அதே 1 மில்லிலிட்டர் இந்தக் கூம்பின் நுனியில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்கு நிற்கும். நல்ல கூம்பில் 0 முதல் 2 மில்லிலிட்டர் வரை 0.1 இடைவெளியிலும், 2 முதல் 10 வரை 0.5 இடைவெளியிலும், 10 முதல் 40 வரை 1 மில்லிலிட்டர் இடைவெளியிலும் கோடுகள் இருக்கும். தெருத்தண்ணீருக்கு நாம் அதிகம் பார்க்கப்போவது முதல் இரண்டு பகுதிகளைத்தான். ஆகவே அந்தக் கோடுகள் தெளிவாகவும் சரியாகவும் இருக்கின்றனவா என்பதே வாங்கும்போது பார்க்க வேண்டிய முதல் விஷயம்.

கண்ணாடிக் கூம்பும் உண்டு, பிளாஸ்டிக் கூம்பும் உண்டு. கண்ணாடியில் மண் ஒட்டுவது குறைவு, கீறல் விழாது, வருஷக்கணக்கில் தெளிவாக இருக்கும். ஆனால் மழையில் நனைந்த கையோடு வண்டியில் ஏற்றி இறக்கும் வேலைக்கு அது சரிப்படாது. நுனி தட்டினால் முடிந்தது. களத்துக்குப் பிளாஸ்டிக்தான் எங்கள் தேர்வு. விலையும் குறைவு. பிளாஸ்டிக் கூம்புகள் பலவற்றில் நுனியில் திருகு மூடி இருக்கும். படிந்த மண்ணை வெளியே எடுக்கவும் நுனியைக் கழுவவும் அது பெரிய வசதி. கருவியில் அதிகம் கெட்டுப்போவதும் அதே மூடிதான். மூடியின் ரப்பர் வளையத்துக்கும் கூம்புக்கும் நடுவில் ஒரே ஒரு மணல் துகள் சிக்கினாலும் சொட்டும். ஐந்து நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு மணி நேரத்தில் 720 சொட்டு, ஏறத்தாழ 36 மில்லிலிட்டர் போய்விடும். போவது மேலே இருக்கும் தெளிந்த தண்ணீர் அல்ல, அடியில் சேர்ந்த நைஸ் வண்டல். அதனால் ஒவ்வொரு நாளும் வேலை தொடங்கும் முன் கூம்பில் நல்ல தண்ணீர் ஊற்றி, நுனியின் கீழே காய்ந்த காகிதத்தை வைத்துப் பதினைந்து நிமிடம் பார்க்க வேண்டும். காகிதம் நனைந்தால் வளையத்தை மாற்றுங்கள். மூடியை இன்னும் இறுக்கித் திருகுவது தீர்வல்ல, வளையம் அறுந்துவிடும்.

கோடுகள் சரியா என்று பார்க்க மருந்துக்கடை ஊசிக்குழல் போதும். ஊசி இல்லாத 5 அல்லது 10 மில்லிலிட்டர் சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து, முதலில் 1 மில்லிலிட்டர், பிறகு 2, பிறகு 5 என்று நுனியில் விட்டுக் கோட்டோடு ஒப்பிடுங்கள். 1 மில்லிலிட்டர் கோட்டில் 0.2 தள்ளிக் காட்டும் கூம்பு உங்கள் கணக்கையே ஐந்தில் ஒரு பங்கு புரட்டிவிடும். கடையிலேயே இதைச் செய்து பார்த்து வாங்குவது நல்லது. தவறினால் வீட்டுக்கு வந்ததும் பார்த்துத் திருப்பிக் கொடுங்கள். சற்றுத் தள்ளிக் காட்டும் கூம்பைத்தான் வைத்துக்கொள்ள வேண்டுமென்றால், அழியாத மை பேனாவால் சரியான கோட்டைப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம்.

கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும், தண்ணீரை எடுப்பதில் தவறினால் எல்லாம் வீண். தவறுகளில் முக்கால்வாசி இங்கேதான் நடக்கிறது.

சாலையோரம் ஓடும் தண்ணீரில் மணல் மேலே மிதந்து வருவதில்லை. தரையை ஒட்டி உருண்டும் துள்ளியும் வருகிறது. மேலாக வாளியை விட்டு மொண்டால் கிடைப்பது நைஸ் மண் கலந்த கலங்கல் தண்ணீர் மட்டும். கனத்த மணல் அடியில் தப்பிவிடும். தொட்டியில் ஏற்கெனவே தேங்கிய தண்ணீரில் எடுத்தாலும் இதே கதைதான். சரியான இடம், தண்ணீர் முழுதாக விழும் இடம். சாலையோர வாரியிலிருந்து தொட்டிக்குள் கொட்டும் விளிம்பு, குழாய் வாய், கட்டட வளாகத்திலிருந்து தெருவுக்கு விழும் படி. விழும் தாரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை அகன்ற வாய்ப் பாட்டிலை நகர்த்தி, தாரை முழுவதையும் ஒருமுறை வெட்டுவதுபோல் பிடிக்க வேண்டும். பாட்டில் நிரம்பி வழியவே கூடாது. வழியும்போது வெளியே போவது தண்ணீர், உள்ளே தங்குவது மணல். மாதிரியில் மண் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். ஒரு லிட்டர் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிடுங்கள்.

பாட்டிலில் பிடித்த முழுவதையும் கூம்பில் ஊற்றுங்கள். இரண்டு லிட்டர் பிடித்து அதில் ஒரு லிட்டரை ஊற்றுவது என்றால், ஊற்றும் நேரத்துக்குள் மணல் பாட்டிலின் அடிக்குப் போய்விடும். பாட்டிலில் ஒட்டியிருக்கும் மணலைக் கூம்பின் மேல்பகுதியில் இருக்கும் அதே தண்ணீரில் கொஞ்சம் எடுத்துக் குலுக்கிச் சேர்த்துவிடலாம். ஊற்றியதில் 950 மில்லிலிட்டர்தான் இருக்கிறது என்றால் குழாய்த் தண்ணீர் விட்டு நிரப்ப வேண்டாம். வந்த அளவை 0.95-ஆல் வகுத்தால் லிட்டருக்கான கணக்கு வந்துவிடும்.

ஆய்வகத்துக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைக்க வேண்டாம். மொத்த மிதக்கும் திடப்பொருள் (தண்ணீரில் கலந்து நிற்கும் துகள்கள்) சோதனையில், பாட்டிலைக் கலக்கி அதிலிருந்து ஒரு சிறு பங்கை உறிஞ்சி வடிகட்டி எடை போடுவது வழக்கம். அந்த உறிஞ்சலில் மணல் சரியாக வராது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 2000-இல் இந்த முறையையும் முழு பாட்டிலையும் வடிகட்டும் முறையையும் ஒப்பிட்டுப் பார்த்து இதையே சொன்னது: மாதிரியில் மணல் கூடக்கூட, சிறு பங்கு எடுக்கும் முறை உண்மையைவிடக் குறைவாகவே காட்டுகிறது. முழு பாட்டிலையும் வடிகட்டச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். கூம்பில் முழு பாட்டிலும் போவதால் இந்தக் குறை வராது என்பது இதன் பெரிய பலம்.

சோதனை இப்படி. கூம்பைத் தாங்கியில் நேராக நிறுத்துங்கள். சாய்ந்திருந்தால் துகள்கள் சரிவில் வழுக்கிச் சீக்கிரமே அடிக்குப் போகும், நேரக் கணக்கு கெடும். நிழலில் வையுங்கள், ஒரு பக்கம் வெயில் பட்டால் தண்ணீர் சூடாகி மேலும் கீழும் சுழன்று நைஸ் மண்ணைப் படியவிடாது. ஜெனரேட்டர் பக்கத்திலும், லாரி போகும் ரோட்டை ஒட்டிய திண்ணையிலும் வைக்கக் கூடாது, அதிர்வில் படிவு இறுகிவிடும். தண்ணீரை ஊற்றியதும் அது சுழலும். மெல்லிய குச்சியை மேலும் கீழுமாக இரண்டு முறை விட்டெடுத்தால் சுழற்சி நிற்கும். அப்போது கடிகாரத்தைத் தொடங்குங்கள். 45 நிமிடம் ஆனதும் அதே குச்சியால் சுவரை ஒட்டி மெதுவாகத் தடவிவிடுங்கள், அல்லது கூம்பை இரு உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்து லேசாகத் திருப்புங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் துகள்கள் சரிந்து இறங்கும். இன்னும் 15 நிமிடம் விட்டு, மொத்தம் 60-ஆவது நிமிடத்தில் கண்ணைக் கோட்டின் மட்டத்துக்குக் கொண்டுவந்து படியுங்கள். படிவின் மேல்பரப்பு சாய்ந்திருந்தால் உயர்ந்த பக்கத்துக்கும் தாழ்ந்த பக்கத்துக்கும் நடுவே எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய சரளைத் துண்டுகளுக்கு இடையில் தண்ணீர்ப் பை தெரிந்தால் அதைக் கழித்துவிடுங்கள். மேலே மிதக்கும் இலை, தெர்மாகோல், எண்ணெய்ப் படலம் எதுவும் கணக்கில் வராது.

ஒரு மணி நேரக் கணக்கு என்பது உலகமெங்கும் வழக்கம். ஆனால் வடிகால் வேலைக்கு இந்தக் கூம்பின் முழுப் பயன் கிடைப்பது அந்த ஒரு மணி நேரத்துக்குள் இடையிடையே படிப்பதில்தான். ஐப்பசி, கார்த்திகையில் சென்னைத் தெருத்தண்ணீரின் வெப்பம் 28 டிகிரி சுற்று இருக்கும் என்று வைத்துக்கொண்டு, 40 சென்டிமீட்டர் உயரத்தைக் கல்மணல் துகள் எவ்வளவு நேரத்தில் கடக்கும் என்று கணக்குப் போட்டால் இப்படி வருகிறது. 150 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மணல் அரை நிமிடத்துக்குள். 100 மைக்ரான் முக்கால் நிமிடம். 43 மைக்ரான் மூன்றரை நிமிடம். 20 மைக்ரான் கால் மணி நேரம். 10 மைக்ரான் ஒரு மணி நேரம். 2 மைக்ரான் களிமண் ஒரு முழு நாளுக்கும் மேல். கூம்பின் வடிவம் இங்கே நமக்குக் கைகொடுக்கிறது: மொத்தத் தண்ணீரில் ஏறக்குறைய பாதி மேலே உள்ள 8 சென்டிமீட்டரிலேயே இருக்கிறது. அதனால் பாதித் துகள்கள் கிட்டத்தட்ட முழு உயரத்தையும் கடந்துதான் அடிக்கு வருகின்றன. 1 நிமிடம், 3½ நிமிடம், 15 நிமிடம், 60 நிமிடம் என்று நான்கு முறை படித்தால், சல்லடையும் ஹைட்ரோமீட்டரும் இல்லாமலே துகள் அளவின் ஒரு பருமட்டான படம் கையில் கிடைக்கும். முதல் இரண்டு அளவுகளில், கீழ்ப்பகுதியிலேயே இருந்த நைஸ் துகள்களும் கொஞ்சம் சேர்ந்திருக்கும் என்பதால் கனத்த மணலின் பங்கு சற்றுக் கூடுதலாகத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள்.

இந்த நான்கு எண்கள் எதற்கு என்பதை ஒரு தொட்டியில் வைத்துப் பார்க்கலாம். நீள அகலம் 60 சென்டிமீட்டர், குழாய் மட்டத்துக்குக் கீழே 30 சென்டிமீட்டர் ஆழம் உள்ள வண்டல் வடிகட்டித் தொட்டி. கொள்ளளவு 108 லிட்டர். அதற்கு வந்து சேரும் சாலைப் பரப்பு 500 சதுர மீட்டர், 100-க்கு 85 பங்கு தண்ணீர் ஓடிவரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் தொட்டிக்குள் நொடிக்கு ஏறத்தாழ 6 லிட்டர் வரும். அதைத் தொட்டியின் பரப்பால் வகுத்தால் நொடிக்கு 16 மில்லிமீட்டர். அதைவிட வேகமாக விழும் துகள் மட்டுமே தொட்டியில் தங்கும், அதாவது சுமார் 150 மைக்ரானுக்கு மேற்பட்ட மணல். கூம்பில் அது முதல் அரை நிமிடத்தில் விழுந்து முடிந்த மணல். அதற்குப் பிறகு 60 நிமிடம் வரை கூம்பில் சேர்வது எல்லாம் அந்த மழையில் தொட்டியைத் தாண்டி வாய்க்காலுக்குப் போகும் மண். கொட்டும் தண்ணீர் தொட்டியைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் நிஜத்தில் இன்னும் கூடுதலாகவே போகும்.

ஆகவே ஒரு தெருவின் மாதிரியில் 1 நிமிட அளவு 1.6, 60 நிமிட அளவு 2.0 என்று வந்தால், அங்கே தொட்டி நல்ல முதலீடு. மண்ணில் பெரும்பகுதி பிடிபடக்கூடியது. 1 நிமிடத்தில் 0.3, 60 நிமிடத்தில் 2.0 என்று வந்தால் அந்தத் தெருவில் எத்தனை தொட்டி கட்டினாலும் வாய்க்கால் தூர்வது நிற்காது. மண் எங்கிருந்து கிளம்புகிறது என்று மேலே போய்ப் பார்ப்பதுதான் வழி: மூடாத செம்மண் குவியல், தோண்டிவிட்டுச் சரியாக மூடாத கேபிள் பள்ளம், அஸ்திவாரத் தண்ணீரைத் தெருவில் பம்பு அடிக்கும் கட்டுமான இடம். ஒரே மழையில் மூன்று சந்திகளில் ஒரே நேரத்தில் மூன்று பாட்டில் பிடித்தால் எந்தக் கிளையிலிருந்து வருகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதனால்தான் ஒற்றைக் கூம்பு வாங்காதீர்கள், மூன்று கூம்பும் மூன்று துளைத் தாங்கியும் வாங்குங்கள் என்கிறோம்.

தூர்வாரும் இடைவெளிக்கும் இதே தொட்டியைப் பார்க்கலாம். 50 மில்லிமீட்டர் மழைக்கு 500 சதுர மீட்டரிலிருந்து 21,250 லிட்டர் வரும். பிடிபடக்கூடிய மண் சராசரியாக லிட்டருக்கு 2 மில்லிலிட்டர் என்றால் 42.5 லிட்டர் மண். தொட்டி பாதி நிரம்பிவிட்டாலே (54 லிட்டர்) அடுத்த மழை பழைய வண்டலையும் கிளறிக்கொண்டு போகத் தொடங்கும். அப்படியென்றால் அந்தத் தெருவில் ஒவ்வொரு பெரிய மழைக்குப் பிறகும் தொட்டியை அள்ள வேண்டும். செப்டம்பரில் ஒருமுறை தூர்வாரிவிட்டுத் தை மாதம் வரை திரும்பிப் பார்க்காத தொட்டி, வடகிழக்குப் பருவமழையின் இரண்டாவது பெரிய மழையிலிருந்தே வெறும் பள்ளம்தான். இதை அதிகாரியிடமோ ஒப்பந்தக்காரரிடமோ சொல்லும்போது கையில் எண் இருந்தால் பேச்சு வேறு மாதிரி போகும். ஒரு எச்சரிக்கை: மழை தொடங்கிய முதல் பதினைந்து இருபது நிமிடத்தில் பிடித்த பாட்டிலில் மண் மிக அதிகமாக இருக்கும், அதைச் சராசரியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தொடக்கம், நடு, வடியும் நேரம் என்று குறைந்தது மூன்று பாட்டில் வேண்டும்.

கன அளவை எடையாக மாற்றுவதில் பலர் சறுக்குகிறார்கள். சுத்தமான மணல் என்றால் கூம்பில் 1 மில்லிலிட்டர் படிவு காய்ந்த பிறகு ஏறத்தாழ 1.3 முதல் 1.5 கிராம் இருக்கும். இலைத்தூளும் டயர் தூளும் சாக்கடைக் கசடும் கலந்த கருப்புப் படிவு அதில் பாதிகூட இருக்காது. ஊருக்கு ஒரு பொது எண் கிடையாது, உங்கள் தெருவுக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். மேல்தண்ணீரை மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, நுனி மூடியைத் திறந்து படிவை எடை தெரிந்த கிண்ணத்தில் விட்டு, 103 முதல் 105 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி எடை போடுங்கள். ஐந்தாறு மாதிரிக்குச் செய்தால் உங்கள் இடத்துக்கான மாற்று எண் வந்துவிடும். அந்த உலர்ந்த மண்ணை ஆய்வகத்தில் 550 டிகிரியில் எரித்தால் குறையும் எடை இலை, சாணம், கசடு போன்றவற்றின் பங்கு.

கருவியின் குறைகளுக்கு வருவோம். முதலும் பெரியதுமான குறை, மேலே சொன்ன படியாத பகுதி. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமைக்காக 1972-இல் தெருத் தூசியை அளவு அளவாகப் பிரித்துப் பார்த்த ஆய்வில், 43 மைக்ரானுக்குக் கீழ்ப்பட்ட பகுதி மொத்த எடையில் 6 சதவீதம்கூட இல்லை. ஆனால் கன உலோகங்களில் பாதிக்கு மேல் அதில்தான் ஒட்டியிருந்தது. அந்தக் காலத்துச் சாலை பெருக்கும் இயந்திரங்கள் விட்டுவிட்டுப் போனதும் அந்த நைஸ் தூசியைத்தான். துகள் சிறுக்கச் சிறுக்க அதே எடைக்குப் பரப்பு கூடுகிறது. டயரிலிருந்து வரும் துத்தநாகமும் பிரேக்கிலிருந்து வரும் தாமிரமும் அந்தப் பரப்பில் போய் உட்காருகின்றன. கூம்பில் 60 நிமிடம் கழித்தும் மேல்தண்ணீர் டீயைப் போல நின்றால், அந்தக் கலங்கலின் அளவைக் கூம்பு உங்களுக்குச் சொல்லவே சொல்லாது. லிட்டருக்கு 0.1 மில்லிலிட்டர் என்று எழுதி "தண்ணீர் நன்றாக இருக்கிறது" என்று முடித்துவிடுவது பெரிய தவறு.

மழைநீரை நிலத்துக்குள் இறக்குபவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். கூரைத் தண்ணீரில் முதல் சில நிமிடங்களுக்குப் பிறகு கூம்பில் பெரும்பாலும் கோடே ஏறாது, அங்கே இந்தக் கருவிக்கு வேலை இல்லை. தெருத்தண்ணீரையும் வளாகத் தரைத் தண்ணீரையும் உறைகிணற்றுக்குள் விடுபவர்களுக்குத்தான் வேலை. ஆனால் உறைகிணற்றின் அடியை அடைப்பது மணல் அல்ல, களிமண். 2 மைக்ரான் களிமண் சல்லிக் கற்களின் இடுக்கில் போய் மெழுகியதுபோல் மூடிவிடும். கூம்பில் அது ஒரு நாள் ஆனாலும் முழுதாகப் படியாது. ஆகவே கூம்போடு ஒரு கலங்கல் குழாயும் வாங்குங்கள். அடியில் கறுப்பு வெள்ளை வட்டம் போட்ட 60 அல்லது 120 சென்டிமீட்டர் ஒளிபுகும் குழாய் அது. கூம்பின் மேல்தண்ணீரை அதில் நிரப்பி, கீழ்க் குழாயால் கொஞ்சம் கொஞ்சமாக வடித்து, வட்டம் தெரியத் தொடங்கும் உயரத்தைக் குறித்துக்கொண்டால், படிந்ததுக்கு ஓர் எண், படியாததுக்கு ஓர் எண் என்று இரண்டும் கிடைக்கும். இவ்விரண்டும் சேர்ந்தால்தான் இது முழுமையான சோதனை.

இடத்துக்கு இடம் ஒப்பிடும்போது மூன்று விஷயங்கள் ஏமாற்றும். முகத்துவாரத்தை ஒட்டிய வடிகால்களில், எண்ணூர்க் கழிமுகமோ அடையாற்று முகத்துவாரமோ, கடல்நீர் ஏறி வந்து கலந்தால் உப்பு களிமண்ணைத் திரளவைத்துவிடும். திரண்டது வேகமாகப் படியும், அளவு கூடுதலாகத் தெரியும். உள்ளூர்த் தெருவின் எண்ணோடு அதை ஒப்பிடக் கூடாது. சாக்கடை கலந்த வடிகாலில் படிவு பஞ்சுபோல் உப்பி நிற்கும். கன அளவு பெரிது, எடை சொற்பம். மூன்றாவது, கான்கிரீட் கலவை கழுவிய தண்ணீர். அதில் உள்ள சிமெண்டு கூம்பின் நுனியிலேயே இறுகிவிடும். ஒரு மணி நேர அளவு எடுத்த கையோடு, அந்த நிமிடமே மூடியைத் திறந்து கழுவிவிட வேண்டும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கூம்பை எறிய வேண்டியதுதான்.

இன்னொன்று, இந்த எண்ணை வைத்துச் சட்டப்படி யாரையும் பிடிக்க முடியாது. அமெரிக்காவில் ஆற்றுமணலைக் கழுவித் தங்கம் எடுக்கும் சுரங்கங்களுக்கு லிட்டருக்கு 0.2 மில்லிலிட்டர் என்று கூம்பு அளவிலேயே வரம்பு உண்டு. நம் நாட்டில் கழிவுநீருக்கான பொது வரம்பு எடையில் இருக்கிறது, ஆறு ஏரிகளில் விட லிட்டருக்கு 100 மில்லிகிராம் மிதக்கும் திடப்பொருள். கட்டுமான இடத்திலிருந்து தெருவுக்குச் சேறு பம்பு அடிக்கிறார்கள் என்று புகார் கொடுக்கக் கூம்பின் புகைப்படம் நல்ல துணைச் சான்று. முறையான அறிக்கைக்கு ஆய்வக எடைச் சோதனை வேண்டும்.

காசு போடாமல் செய்ய முடியாதா என்றால், இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, மூடிப் பக்கத்தில் சிரிஞ்சால் அளந்து கோடு போட்டுக்கொள்ளலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட அருமையாக இருக்கும். இரண்டு தெருக்களில் எது மோசம் என்று பார்க்கவும் ஆகும். ஆனால் பாட்டிலின் தோள் வளைவில் மண் தங்கிவிடும், கழுத்தின் அகலத்தால் 1 மில்லிலிட்டர் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உயரம்தான் வரும். லிட்டருக்கு 5 மில்லிலிட்டருக்கு மேல் மண் வரும் இடங்களில் ஓரளவு நம்பலாம், 2-க்குக் கீழே நம்ப வேண்டாம்.

பராமரிப்பு சின்ன வேலைதான், ஆனால் விட்டுவிட்டால் கருவி ஒரு பருவம்கூடத் தாங்காது. மென்மையான பாட்டில் பிரஷும் சாதாரணச் சோப்புத் தண்ணீரும் போதும். கம்பி பிரஷ் போட்டால் கீறல் விழும், அந்தக் கீறலில் அடுத்த மாதிரியின் களிமண் தங்கும், 0.1 கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும். பிளாஸ்டிக் கூம்பில் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டினால் அசிட்டோனோ தின்னரோ தொடவே கூடாது, மேற்பரப்பு வெடித்து மங்கிவிடும். வெயிலில் காய வைக்காதீர்கள். மூடியைக் கழற்றி, ரப்பர் வளையத்தைத் தனியாகத் துடைத்து, கூம்பைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வாங்கும்போதே வளையம் நான்கைந்து கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மழை கொட்டும் இரவில் அறுந்துபோனால் மாற்று எங்கும் கிடைக்காது.